தவாங்: சேலாவுக்கு அப்பால் போகிறவர்களுக்கு

அருணாசலப் பிரதேசத்தின் தவாங் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுக்கொண்டு திட்டம் போடுகிறவர்கள் வழியிலேயே அதை மாற்ற நேரிடும். கௌஹாத்தியிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர்தான். சமவெளியில் அது ஒரு பகல் ஓட்டம், இங்கே மூன்று நாள். தூரத்தை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறோம்? இன்று ராத்திரி எவ்வளவு உயரத்தில் படுக்கிறோம்? சேலாக் கணவாயை எத்தனை மணிக்குத் தாண்டுகிறோம்? இதற்கெல்லாம் பதில் கையில் இருந்தால் மற்றதைச் சமாளித்துவிடலாம்.

நிலத்தின் அமைப்பு

தவாங் மாவட்டம் அருணாசலப் பிரதேசத்தின் வடமேற்கு மூலை. வடக்கே திபெத், மேற்கிலும் தென்மேற்கிலும் பூடான், தென்கிழக்கே மேற்கு காமெங் மாவட்டம். 1984இல் மேற்கு காமெங்கிலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கினார்கள். பரப்பு 2,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 49,977. ஒரு முழு மாவட்டத்துக்கு இவ்வளவுதான் ஆட்கள்.

வரைபடத்தை விரித்ததும் முதலில் தேட வேண்டியது சேலா மலைத்தொடர். மேற்கு காமெங்குக்கும் தவாங்குக்கும் நடுவே அதுதான் மதில். கணவாயின் உயரம் சுமார் 4,170 மீட்டர். மதிலுக்குத் தெற்கே விழும் மழை திராங் வழியாகக் காமெங் ஆற்றுக்குப் போய், தேஜ்பூர் பக்கம் பிரம்மபுத்திராவில் சேர்கிறது. வடக்கே விழுவது நூரானாங் ஓடையாக இறங்கி, ஜங் அருகே தவாங் சூவில் கலந்து, பூடானுக்குள் நுழைந்து, மானஸ் ஆறாக அஸ்ஸாமுக்கு வந்து அதே பிரம்மபுத்திராவில் விழுகிறது. தண்ணீர் பிரிகிற இந்த இடத்திலேயே பேச்சும் உடையும் சாப்பாடும் கொஞ்சம் கொஞ்சமாக மாறத் தொடங்கும்.

வரைபடத்தில் பெயர் ‘லா’ என்று முடிந்தால் கணவாய், ‘சூ’ என்றால் ஆறு, ‘த்ஸோ’ என்றால் ஏரி. இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வரைபடம் புரியும்.

தவாங் நகரம் ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில், ஒரு மலைத்தோளில் உட்கார்ந்திருக்கிறது. தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். ஊட்டியில் ஒன்றும் செய்யவில்லை, இங்கேயும் ஒன்றும் செய்யாது என்ற கணக்கு செல்லாது. ஆறு நகரத்துக்கு வெகு கீழே ஆழமான பள்ளத்தில் ஓடுகிறது. எதிர்க்கரையில் இருக்கும் முக்தோ பக்கத்துக் கிராமங்களின் கூரைகளை எண்ணிவிடலாம் போலத் தெரியும். ஆனால் போக வேண்டுமென்றால் ஆறு வரை வளைந்து வளைந்து இறங்கி, பாலம் தாண்டி, அதே அளவு ஏற வேண்டும். கூகுள் வரைபடம் காட்டும் நேரத்தை இங்கே ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

மேற்கே இன்னொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. திபெத்திலிருந்து நேர் தெற்காக வரும் ந்யம்ஜங் சூ ஆறு ஜெமிதாங் வழியாக ஓடி, லும்லாவுக்கு அருகே தவாங் சூவோடு சேர்கிறது. கிழக்கே மாகோ, திங்பு என்று யாக் மேய்ப்பவர்களின் உயரமான நாடு. ஆக, மாவட்டத்தை மூன்று துண்டாகப் பார்க்கலாம்: நடுவே தவாங் சூ, மேற்கே ஜெமிதாங், கிழக்கே மாகோ. முதல் தடவை போகிறவர்களுக்கு நடுத்துண்டு போதும். இரண்டு நாள் கூடுதலாக இருந்தால் ஜெமிதாங்கைச் சேர்க்கலாம்.

யார் எங்கே இருக்கிறார்கள்

மொன்பா என்ற பழங்குடியினரை வைத்து, மேற்கு காமெங்கும் தவாங்கும் ‘மொன்பா நாடு’ என்று சுற்றுலா விளம்பரங்களில் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். அதை நம்பிக்கொண்டு வழியில் சந்திப்பவரையெல்லாம் மொன்பா என்று அழைத்தால் சங்கடம்தான். அஸ்ஸாம் எல்லையிலுள்ள பாலுக்பாங்கிலிருந்து ஏறும்போதே மக்கள் மாறிக்கொண்டே வருவார்கள்.

தென்பகுதியில் தெங்கா, சிங்சுங் பக்கம் புகுன் மக்கள். அவர்களுடைய காட்டை ஒட்டிய ஈகிள்நெஸ்ட் பகுதியில்தான் புகுன் லியோசிக்லா என்ற பறவை அறிவியலுக்குத் தெரியவந்து, 2006இல் பதிவானது. ரூபா, ஷெர்காவ் ஊர்களில் ஷெர்துக்பென் மக்கள். நஃப்ரா பக்கம் மிஜிகள், த்ரிஜினோ, ஜமிரி பக்கம் அகாக்கள். இவர்கள் யாரும் மொன்பா அல்ல. மொழி வேறு, வழிபாடு வேறு. மிஜிகளும் அகாக்களும் திபெத்திய பௌத்த வட்டத்துக்கே வெளியே.

திராங்குக்கு வந்தால் மொன்பா நாடு தொடங்குகிறது. திராங் மொன்பாக்கள் பேசுவது கிழக்குப் பூடானில் பரவலாக இருக்கும் சாங்லா மொழிக்கு மிக நெருக்கமானது. ஆனால் திராங்கை ஒட்டியே இருக்கும் லிஷ், சுக் கிராமத்தாரை அரசாங்கம் மொன்பா என்று எழுதினாலும் அவர்கள் வீட்டில் பேசுவது சாங்லா அல்ல. ஷெர்துக்பென், புகுன் மொழிகளோடு சேரும் தனிக் குடும்பம் அது. அரை மணி தூரத்துக்குள் இருக்கும் இரண்டு ஊர்க்காரர்கள் தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொள்வதைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அருணாசலம் முழுவதும் இந்திதான் பொதுப்பேச்சு. அரைகுறை இந்தி இருந்தாலே இங்கே பயணம் ஓடிவிடும்.

சேலாவுக்கு அப்பால் தவாங் மொன்பாக்கள். இவர்களுடைய தாக்பா மொழி திபெத்தியத்துக்கும் பூடானின் ட்ஸாலா மொழிக்கும் உறவு. திராங்காரருக்கு இது புரியாது. ஜெமிதாங் பள்ளத்தாக்கினர் தங்களைப் பாங்சென்பா என்பார்கள். உயர்மேய்ச்சல் நிலங்களில் யாக்குகளோடு இடம் மாறி வாழ்பவர்கள் ப்ரோக்பாக்கள். கோடையில் மேலே, குளிரில் கீழே. யாக்குக்காகவே இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் திராங்கில் ஒரு தேசிய ஆய்வு மையம் வைத்திருக்கிறது.

உள்ளூர்க்காரரிடம் பேசும்போது “நீங்கள் மொன்பாவா?” என்று தொடங்குவதைவிட “எந்த ஊர்?” என்று கேளுங்கள். ஊர்ப் பெயரிலேயே மற்றதெல்லாம் அடங்கிவிடும்.

எல்லையைப் பற்றிப் பேச்சு வந்தால் நான்கு ஆண்டுகளை நினைவில் வைத்திருப்பது நல்லது. 1914: சிம்லா மாநாட்டில், திபெத்துக்கும் இந்தியாவுக்கும் எல்லையாக மக்மோகன் கோடு. 1951: மேஜர் ராலெங்னாவ் காதிங் அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் வீரர்களோடு வந்து தவாங்கில் இந்திய நிர்வாகத்தை நிறுவினார். அதுவரை திபெத்தின் ட்ஸோனா அதிகாரிகள் இங்கே வரி வாங்கினார்கள். 1959: தலாய் லாமா இந்த வழியாகத்தான் இந்தியாவுக்குள் வந்தார். 1962: அக்டோபர் 20 அன்று நம்கா சூவில் சீனாவோடு போர் மூண்டது, சில நாட்களில் தவாங் விழுந்தது, நவம்பரில் சேலாவும் போம்டிலாவும். வயதானவர்களுக்கு இதெல்லாம் வீட்டுக் கதை. தாமாகச் சொன்னால் கேளுங்கள், துருவிக் கேட்க வேண்டாம்.

பெர்மிட்

அருணாசலத்துக்குள் நுழைய இந்தியக் குடிமக்களுக்கு இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். 1873ஆம் ஆண்டின் எல்லைப்புற ஒழுங்குமுறைச் சட்டத்திலிருந்து வரும் ஏற்பாடு. மாநில அரசின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், புகைப்படமும் அடையாள அட்டையும் போதும். சுலபமான வேலைதான், ஆனால் சறுக்குகிற இடங்கள் உண்டு.

அட்டையில் இருக்கும் பெயரின் எழுத்துகள் விண்ணப்பத்தில் அப்படியே இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்ற நம்மூர்க் குழப்பம் சோதனைச் சாவடியில் கேள்வியாக வரும். போகும் மாவட்டங்களில் தவாங், மேற்கு காமெங் இரண்டையும் குறிப்பிடுங்கள், தவாங்கை மட்டும் எழுதிவிட்டு திராங்கில் தங்கினால் விளக்கம் சொல்ல வேண்டிவரும். குழந்தைகள் பெயரையும் சேர்த்துவிடுங்கள். நுழையும் வாயில், நீங்கள் வரப்போகும் சாலையின் வாயிலாக இருக்கட்டும். திரும்பும் தேதிக்கு மேல் இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டு வைத்தால், மண்சரிவில் மாட்டினால் உதவும். நான்கைந்து பிரதி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாவடி, விடுதி, பும் லா (சீன எல்லையிலுள்ள கணவாய்) அனுமதி என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு தாள் போகும், மலையில் ஜெராக்ஸ் கடை தேடி அலைவது வீண் வேலை.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு வேறு அனுமதி. பதிவு பெற்ற பயண முகவர் வழியாக முன்கூட்டியே வாங்க வேண்டும். பும் லாவுக்கு அவர்களை விடமாட்டார்கள்.

எப்போது போவது

அக்டோபர், நவம்பர் இரண்டும் வானம் தெளிந்த மாதங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சேலாச் சரிவுகளில் ரோடோடெண்ட்ரான் பூக்கும், மதியத்துக்கு மேல் மேகம் இறங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தவிர்க்கலாம். பாலுக்பாங்குக்கும் தெங்காவுக்கும் நடுவே உள்ள மழைக்காட்டுச் சரிவில் மண் இறங்கிக்கொண்டே இருக்கும், மூன்று நாள் பயணம் ஐந்து நாளாகும். டிசம்பர் முதல் மார்ச் வரை பனி. பனிக்காகவே போகிறவர்கள் உண்டு. போகலாம், ஆனால் கையில் இரண்டு உதிரி நாட்கள் வேண்டும்.

இன்னொரு கணக்கும் முக்கியம். இது நாட்டின் கிழக்கு ஓரம், கடிகாரமோ இந்திய நேரம். டிசம்பரில் மாலை நாலரைக்குள் சூரியன் போய்விடும். ஜூனில் விடியற்காலை நான்கு மணிக்கே வெளிச்சம். காலை ஒன்பதுக்குக் கிளம்பி இருட்டுவதற்குள் சேரலாம் என்ற நம்மூர்ப் பழக்கம் குளிர்காலத்தில் உங்களை இருட்டு வளைவுகளில் கொண்டுபோய் நிறுத்தும். ஆறு மணிக்கு வண்டி நகர வேண்டும்.

திருவிழாவோடு சேர்த்துப் போக ஆசைப்பட்டால்: தவாங் பௌத்த மடத்தின் தோர்க்யா விழா மூன்று நாள் நடக்கும், பெரும்பாலும் ஜனவரியில். முகமூடி ஆட்டம் அப்போதுதான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அது துங்யுர் என்ற பெரிய விழாவாகும். லோசர் புத்தாண்டு பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். அந்த நாட்களில் எல்லாரும் தத்தம் வீட்டில் இருப்பார்கள், கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் மூடிக்கிடக்கும். பார்க்க வருபவருக்குத் தோர்க்யா, யாராவது வீட்டுக்கு அழைத்திருந்தால் லோசர். தேதிகள் திபெத்திய நாட்காட்டிப்படி ஆண்டுதோறும் நகரும். டிக்கெட் போடுமுன் விசாரித்துவிடுங்கள்.

சாலை

கௌஹாத்தி வரை விமானம் அல்லது ரயில். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை, ஈரோடு, சேலம் வழியாகப் போகிறது. நேரம் இருப்பவர்களுக்கு அது கௌஹாத்தியில் இறக்கிவிடும்.

கௌஹாத்தியிலிருந்து இரண்டு வழிகள். பழைய வழி தேஜ்பூர், பாலுக்பாங், தெங்கா, போம்டிலா. இன்னொன்று ஓராங், பைரவ்குண்ட், கலக்தாங், ஷெர்காவ், ரூபா வழியாக வந்து தெங்கா அருகே பழைய சாலையைத் தொடும். கௌஹாத்தியிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு இரண்டாவது வழி வசதி. போக்குவரத்து குறைவு, ஷெர்துக்பென் ஊர்களையும் பார்த்துவிடலாம். போவது ஒன்றில், வருவது இன்னொன்றில் என்று வைத்துக்கொண்டால் தெற்குப் பகுதி முழுவதும் கண்ணில் படும். இரண்டாவது வழியாக நுழைவதானால் பெர்மிட்டில் பாலுக்பாங் வாயிலைக் குறிப்பிட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம்.

தனி வண்டி எடுக்காதவர்களுக்கு ஷேர் சுமோதான் (பலர் சேர்ந்து போகும் ஜீப்) வழி. தேஜ்பூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பும், முந்தின நாளே கவுண்டரில் சீட்டு வாங்க வேண்டும். முன்சீட்டையோ நடுவரிசை ஜன்னலையோ கேட்டு வாங்குங்கள். பின்வரிசையில் உட்கார்ந்து வளைவுகளில் குலுங்கினால் வாந்தி நிச்சயம், அது உயரத்தால் வந்ததா வளைவால் வந்ததா என்றுகூடத் தெரியாது. சுமோ ஒரே நாளில் தவாங்கில் இறக்கிவிடும். அதுதான் அதன் குறையும். போம்டிலாவிலோ திராங்கிலோ இறங்கி, இரவு தங்கி, மறுநாள் அங்கிருந்து வேறு சுமோ பிடியுங்கள்.

சேலாவைத் தாண்டுவது

2024 மார்ச் 9 அன்று சேலாச் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. இரண்டு சுரங்கங்கள், நீளமானது ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல், சுமார் 13,000 அடி உயரத்தில். கணவாயின் கடைசி வளைவுகளையும் அங்கே தேங்கும் பனியையும் இது தவிர்க்கிறது. ஆனால் சுரங்கம் திறந்ததால் சேலா ஒன்றுமில்லாமல் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். அதன் வாய் வரை நீங்கள் ஏறித்தான் ஆக வேண்டும், நிழல் விழும் வளைவுகளில் காலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி படிந்திருக்கும். அது தார்ச்சாலை நனைந்தது போலத்தான் தெரியும். பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். குளிர்காலத்தில் காலை பத்துக்கும் ஒன்றுக்கும் இடையே மேலே இருக்கும்படி கணக்கிடுங்கள். அதற்கு முன் பனிக்கட்டி, அதற்குப் பின் மூடுபனி.

கணவாயின் உச்சியையும் அங்குள்ள ஏரியையும் பார்க்க வேண்டுமென்றால் டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சுரங்கத்துக்குள் விட்டுவிடுவார். போகும்போது சுரங்கம், திரும்பும்போது கணவாய் என்பது நல்ல முறை. திரும்பும்போது உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும், இறங்கி நின்று பார்க்கலாம்.

சேலாவிலிருந்து இறங்கும் வழியில் ஜஸ்வந்த்கர் வரும். 1962 நவம்பர் 17 அன்று நூரானாங்கில் போரிட்டு இறந்த 4ஆம் கர்வால் ரைஃபிள்ஸ் வீரர் ஜஸ்வந்த் சிங் ராவத்தின் நினைவிடம், அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. ராணுவத்தினர் அங்கே சூடான தேநீர் கொடுப்பார்கள். கீழே ஜங் அருகே நூரானாங் அருவி. பிரதான சாலையிலிருந்து பிரிந்து சிறிது தூரம் இறங்க வேண்டும், வெளிச்சம் இருந்தால் மட்டும் போங்கள்.

உயரம்: எல்லாரும் தவறும் இடம்

பாலுக்பாங் சுமார் 200 மீட்டர். போம்டிலா 2,400. அங்கிருந்து சாலை இறங்கி திராங்கில் 1,500 ஆகிறது. பிறகு 4,000 மீட்டருக்கு ஏறி, தவாங்கில் 3,000. பும் லா சுமார் 4,600.

பயண நிறுவனங்கள் கொடுக்கும் அட்டவணையில் போம்டிலாவில் டீ குடித்துவிட்டு திராங்கில் படுப்பதாக இருக்கும். திராங் இதமான ஊர், விடுதிகளும் நல்லவை, ஆனால் உடம்புக்கு அந்த இரவு எதையும் கற்றுக்கொடுக்காது. மறுநாளே 1,500 மீட்டர் கூடுதல் உயரத்தில் படுக்கப் போகிறீர்கள். வயதானவர்கள், முன்பு மலையில் தலைவலி வந்தவர்கள், குழந்தைகள் இருந்தால் போம்டிலாவில் ஓர் இரவு தங்குங்கள். திராங்கை விடக் குளிரும், விடுதி சுமாராகத்தான் இருக்கும், பரவாயில்லை. திராங்கைத் திரும்பும்போது நிதானமாகப் பார்க்கலாம்: பழைய ஜோங் (கோட்டை), வெந்நீர் ஊற்று, குளிர்காலத்தில் கருங்கழுத்துக் கொக்குகள் வரும் சாங்தி பள்ளத்தாக்கு.

தவாங்கில் சேர்ந்த மறுநாளே பும் லாவுக்குக் கிளம்ப வேண்டாம். இரண்டு இரவு தவாங்கில் படுத்த பிறகு மூன்றாம் நாள் போங்கள். முதல் நாள் மது வேண்டாம், தண்ணீர் நிறைய, சாப்பாடு லேசாக. உயர நோய் வராமல் தடுக்க அசிட்டசோலமைடு மாத்திரையை (டயமாக்ஸ்) பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தின நாள் தொடங்கிக் கொடுப்பார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தானாக எடுக்கக் கூடாது. ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் சேர்ந்தால் அது உயர நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்று மேலே ஏறக் கூடாது. நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

இங்கேதான் தவாங்கின் தனிச் சிக்கல் இருக்கிறது. மற்ற மலையூர்களில் ‘கீழே இறங்கு’ என்றால் வந்த வழியே திரும்பினால் போதும். தவாங்கிலிருந்து வந்த வழியே திரும்புவது என்றால் மறுபடி சேலாவுக்கு ஏற வேண்டும். நோயாளியை இன்னும் ஆயிரம் மீட்டர் மேலே கொண்டுபோவதாகும். ஆகவே முதலில் தவாங் மாவட்ட மருத்துவமனை, ஆக்சிஜன், அவர்கள் சொல்படி அடுத்தது. இறக்க வேண்டுமென்றால் ஆற்றுப் பக்கமாக இறங்கும் சாலைகள் இருக்கின்றன. பதற்றத்தில் டிரைவரைக் கூப்பிட்டு “கௌஹாத்திக்கு விடு” என்பதுதான் மிக மோசமான முடிவு.

தவாங் நகரம்

மடத்துக்குக் காலையில் போங்கள். 1680-81இல் மெராக் லாமா லோத்ரே கியாட்சோ, ஐந்தாம் தலாய் லாமாவின் விருப்பப்படி நிறுவியது, திபெத்திய பௌத்தத்தின் கெலுக் பிரிவைச் சேர்ந்தது. மூன்று மகன்கள் இருந்தால் நடுவிலானை மடத்துக்குக் கொடுப்பது பழைய வழக்கம். கோட்டை போன்ற சுற்றுச்சுவருக்குள் துறவிகளின் குடியிருப்புகள், பெரிய மண்டபம், நூல்கள் இருக்கும் கட்டடம், சிறு அருங்காட்சியகம். மண்டபத்துக்குள் செருப்பும் தொப்பியும் கூடாது. வலம் வருவது நம் கோயில்கள் போலவே இடமிருந்து வலம். வழியில் கிடக்கும் மணிச்சுவர்களையும் (மந்திரம் பொறித்த கற்சுவர்கள்) சோர்தென்களையும் (தூபிகள்) அப்படியே, உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி கடக்க வேண்டும். வழிபாடு நடக்கும்போது சுவரோரமாக உட்காரலாம், வரிசைகளுக்கு நடுவே நடக்கக் கூடாது.

பக்கத்தில் உர்கெல்லிங் என்ற சிறு கோயில். ஆறாம் தலாய் லாமா ட்ஸாங்யாங் கியாட்சோ 1683இல் பிறந்த இடம். பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். இடம் சின்னது, பத்து நிமிடம் போதும், ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கு அதன் மதிப்பு மடத்துக்குக் குறைந்ததல்ல.

கின்மே பக்கம் ந்யிங்மா பிரிவின் கோயில் ஒன்று இருக்கிறது, பெண் துறவிகளின் மடங்களும் மலைமேல் இருக்கின்றன. மாலையில் போர் நினைவிடம், 1962 போரில் காமெங் பகுதியில் இறந்த 2,420 பேரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன.

வாங்குவதற்கு நல்ல பொருள் மொன்ஷுகு காகிதம். ஷுகு ஷெங் என்ற புதர்ச்செடியின் உள்பட்டையை உரித்துக் காயவைத்து, சாம்பல் கரைசலில் வேகவைத்து, மரச்சுத்தியால் அடித்துக் கூழாக்குவார்கள். துணி கட்டிய சட்டத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு அதன்மேல் கூழை ஊற்றிக் கையால் பரப்பி, தூக்கி வெயிலில் சாய்த்துவைத்தால் காய்ந்து தாளாகும். மடங்களின் நூல்களுக்கு இதுதான் காகிதம். ஏறக்குறைய அழிந்துபோன தொழிலுக்கு, 2020 டிசம்பரில் காதி கிராமத் தொழில் ஆணையம் தவாங்கில் ஒரு பட்டறை திறந்தது. நல்ல தாளை வெளிச்சத்தில் பிடித்தால் நார்கள் நெடுகத் தெரியும், கிழித்தால் நேர்கோட்டில் கிழியாது. வழவழவென்று ஒரே சீராக இருந்தால் அது வேறு ஏதோ காகிதம்.

பும் லா

தவாங்கிலிருந்து 37 கிலோமீட்டர், ஆனால் போய்வர முழுப் பகல். இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். துணை ஆணையர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி, ராணுவத்தின் ஒப்புதலும் பெற வேண்டும். பெர்மிட் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, வண்டி எண், டிரைவர் விவரம் வேண்டும். முந்தின நாள் காலையிலேயே விடுதிக்காரரிடமோ டாக்ஸிக்காரரிடமோ ஒப்படைத்தால் அவர்களே முடித்துக்கொடுப்பார்கள். ஞாயிறும் அரசு விடுமுறையும் அலுவலகம் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலை வந்து இறங்கி ஞாயிறு காலை கேட்டால் வேலை நடக்காது. வெளியூர் வண்டிக்கு அனுமதி இல்லை, தவாங் டாக்ஸி எடுக்க வேண்டும்.

அனுமதி கையில் இருந்தாலும் பனி விழுந்தால் பாதை அடைபடும். இரு நாட்டு எல்லை அதிகாரிகள் சந்திக்கும் நாட்களிலும் பொதுமக்களை விடமாட்டார்கள். அதற்காக ஒரு மாற்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். போகும் வழியில் ஏரிகள் நிறைய. பாதை பிரியும் இடத்திலிருந்து சங்கெட்சர் ஏரிக்குப் போகலாம். நிலநடுக்கத்தில் உருவான ஏரி, மூழ்கிய மரங்களின் பட்டுப்போன தண்டுகள் இன்னும் தண்ணீரில் நிற்கின்றன. இந்திப் படமொன்றின் படப்பிடிப்பு நடந்ததால் டாக்ஸிக்காரர்கள் மாதுரி ஏரி என்பார்கள்.

இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கைக்குழந்தையோடு வருகிறவர்களும் பும் லாவை விட்டுவிடுங்கள். மற்றவர்களும் மேலே அரை மணிக்கு மேல் நிற்க வேண்டாம், ஓட வேண்டாம். படம் எடுக்கக் கூடாத இடங்களை வீரர்கள் சொல்வார்கள். மாவட்டம் முழுவதும் முகாம்களையும் பாலங்களையும் படமெடுக்கக் கூடாது. டிரோன் இருந்தால் ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஜெமிதாங்

தவாங்கிலிருந்து லும்லா வழியாக சுமார் 90 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்த் திரும்பினால் சாலையைத் தவிர ஒன்றும் பார்த்திருக்க மாட்டீர்கள். அங்கே ஹோம்ஸ்டேயில் ஓர் இரவு தங்குங்கள். ஆற்றோரம் கோர்சாம் சோர்தென், வெள்ளையடித்த பெரிய தூபி. திபெத்திய முதல் மாதக் கடைசியில் நடக்கும் கோர்சாம் கோரா விழாவுக்குப் பூடானிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். தவாங் நகரத்தைவிட இடம் தாழ்ந்தது, இரவில் தூக்கம் நன்றாக வரும். ஜெமிதாங்குக்கு அப்பால் எல்லை நோக்கிப் போக ராணுவ அனுமதி இல்லாமல் முடியாது.

சாப்பாடும் படுக்கையும்

வீட்டுச் சாப்பாட்டில் அடிப்படை ஜான். கொதிக்கும் தண்ணீரில் கேழ்வரகு, சோளம் அல்லது பாப்பரை (பக்வீட்) மாவைப் போட்டு மரத்துடுப்பால் கட்டியில்லாமல் கிண்டி இறக்குவது, நம் களிக்கு மிகப் பக்கம். கீரை, பாலாடைக்கட்டி, மிளகாய் போட்ட குழம்போடு சாப்பிடுவார்கள். புளித்த பாலாடைக்கட்டியின் வாடை முதலில் தூக்கலாக இருக்கும், கொஞ்சமாகக் கேளுங்கள். கூரா என்பது பாப்பரை மாவில் சுடும் தோசை. காலைச் சாப்பாட்டுக்கு அருமை.

உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றினால் ஒரே மூச்சில் குடிக்காதீர்கள். கிண்ணம் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதுமென்றால் நிறைந்த கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு, கிளம்பும்போது குடித்துவிட்டு எழுந்திருங்கள்.

சைவர்கள் ‘வெஜ் துக்பா’ என்று மட்டும் சொன்னால் போதாது. நூடுல்ஸுக்கு ஊற்றும் சாறு எலும்பில் வைத்ததாக இருக்கலாம். சூப் எதில் வைத்தது என்று தனியாகக் கேளுங்கள். மாட்டிறைச்சியும் பன்றியும் யாக்கும் இங்கே சாதாரணச் சாப்பாடு. முகம் சுளிக்காமல் வேண்டாம் என்றால் யாரும் தவறாக எடுக்கமாட்டார்கள்.

குளிருக்கு விறகு எரிக்கும் புகாரி அடுப்பு இருக்கும். குழாய் கூரைக்கு வெளியே போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புகைபோக்கி இல்லாத கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கவே கூடாது. ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தாலும் அதே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தலைவலியும் மயக்கமும் வரும்போது உயர நோய் என்றே எண்ணிக்கொண்டிருப்பீர்கள். கீசர் வேண்டாம், வாளியில் வெந்நீர் கேளுங்கள்.

போம்டிலா, திராங், தவாங்கில் ஏடிஎம் உண்டு, பணம் இருக்கும் என்று சொல்ல முடியாது. சேலாவுக்கு அப்பால் சிக்னல் விட்டுவிட்டு வரும், யுபிஐ நம்பி இருக்க வேண்டாம். முழுச் செலவுக்கும் ரொக்கத்தைத் தேஜ்பூரிலோ கௌஹாத்தியிலோ எடுத்துவிடுங்கள். பெட்ரோலுக்கும் அதே விதி: திராங்கில் நிரப்பாமல் சேலா ஏறக் கூடாது.

திரும்பும் விமானத்தை, தவாங்கிலிருந்து கிளம்பும் மூன்றாம் நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரவு திராங், இரண்டாவது இரவு தேஜ்பூர் அல்லது கௌஹாத்தி. சாலை அடைபட்டால் அந்த இரண்டாவது இரவுதான் உங்கள் கையிருப்பு. அடைபடாவிட்டால் தேஜ்பூரில் சூடான தண்ணீரில் குளித்துவிட்டு மீன் குழம்பு சாப்பிடலாம்.